208க்கு அப்புறம் 193

208ஆம் பக்கத்துக்கு அடுத்து 209 வரும் என்று எந்த மடையன் சொன்னது? 193 வரும். கூசாமல் வரும்.

புத்தகக் கண்காட்சியில் வாங்கிய நாவலோடு புதுச்சேரியில் பஸ் ஏறி, அரியாங்குப்பத்தில் கதை சூடு பிடித்து, தவளக்குப்பத்தில் 208ஆம் பக்கம். அவள் கிணற்றடியில் நிற்கிறாள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள், "ஐயோ, இது" என்கிறாள். பக்கம் முடிந்தது. எதிர்ப் பக்கத்தில் மாமியார் புளி கரைக்கிறாள். ஏற்கெனவே கரைத்த புளி! ஏதோ உத்தி போல, காலம் வட்டமாகச் சுற்றுகிறது போல என்று நாலு பக்கம் பயபக்தியோடு படித்தும் தொலைத்தாயிற்று. கிருமாம்பாக்கம் வருவதற்குள் மறுபடி கிணறு, மறுபடி "ஐயோ, இது". அடுத்த பக்கம் 225. முதல் வரியிலேயே பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல் போடுகிறார்கள். யாருக்குய்யா காரியம்?

நாவல் எப்படி என்று கேட்கிறார்கள். பதினாறு பக்கம் பிரமாதம், இரண்டு தடவை.

பேய் வேலை ஒன்றுமில்லை. ஒரு தாளின் இரண்டு புறமும் எட்டு எட்டுப் பக்கம் அடித்து மூன்று முறை மடித்தால் பதினாறு பக்க ஃபாரம். 193இலிருந்து 208 வரை பதின்மூன்றாவது, 224 வரை பதினான்காவது. வரிசையாக அடுக்கி வைத்து ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்ப்பார்கள். பதினான்கு இருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்றின் அடுக்கை வைத்துவிட்டால் தீர்ந்தது. தடிமனும் மாறாது, எடையும் மாறாது. அதனால் ஒருத்தர் கண்ணிலும் படாது. இதற்காகத்தான் ஃபாரத்தின் மடிப்பு முதுகில் சின்னக் கறுப்புக் கோடு போடுவார்கள், ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் கீழே. அடுக்கினால் படிக்கட்டு மாதிரி இறங்க வேண்டும். ஒரு படி இரட்டித்தால் பசை போடுமுன் பார்க்கிறவனுக்கு ஒரு நொடி வேலை. பார்க்கிறவன் டீ குடிக்கப் போயிருப்பான். முதுகைச் சீவிப் பசை ஊற்றி அட்டை ஒட்டியபின் எந்தப் படியைத் தேடுவது? பழைய நாவல்களில் ஃபாரத்தின் முதல் பக்க அடியில் பொடி எழுத்தில் எண்ணாவது இருக்கும். அதையும் அழகு கெடுகிறதென்று தூக்கியாயிற்று.

"வாங்கும்போதே பார்த்து வாங்கக் கூடாதா சார்?" என்கிறார் விற்றவர்.

பார்க்கலாமே. 16, 32, 48 என்று பதினாறின் மடங்குகளில் மட்டும் அடுத்த எண் சரியாக வருகிறதா என்று புரட்டினால் போதும், 300 பக்க நாவலுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. முன்னுரைக்குத் தனி எண் போட்டிருந்தால் கணக்கு கொஞ்சம் தள்ளும், அவ்வளவுதான். ஆனால் மகாராசன்களே, புத்தகத்தைக் கண்ணாடிக் காகிதத்தில் சுற்றி ஒட்டி வைத்தது யார்? பிரித்தால் "பிரிச்சா வாங்கிக்கணும்", பிரிக்காவிட்டால் "பார்த்து வாங்கியிருக்கணும்". மாற்றித் தரக் கேட்டால் கண்காட்சி முடிந்து ஸ்டால் அடுத்த ஊருக்குப் போய்விட்டதாம். வேண்டுமானால் விடுபட்ட பக்கங்களை வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்புகிறார்களாம். வந்தது. ஒன்பது படம், எல்லாவற்றிலும் ஒரு கட்டை விரல். அந்த "ஐயோ, இது"வுக்கு அடுத்த வரிமேலேயே விரல்.

கடைசியில், யாருமே படிக்காத அணிந்துரை இருக்கிறதே, அதன் மூன்றாவது பத்தியில் செத்தது யார், எப்படி என்று பச்சையாக எழுதியிருக்கிறது. அந்த ஃபாரம் மட்டும் ஒரு எழுத்துக் குறையாமல் இருக்கிறது. சிரிக்காமல் என்ன செய்ய?

அது கிடக்கட்டும். பின்னட்டை விலைமேல் புது விலை ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்களே, உரித்தால் அட்டையின் பளபளப்பும் சேர்ந்தல்லவா வருகிறது? முதுகை விரித்தால் நடுப்பக்கம் மடியில் விழுகிறது. அந்தப் பசையை இதற்கும் இந்தப் பசையை அதற்கும் மாற்றிப் போடக்கூடவா ஆள் இல்லை!