காகிதப்பட்டை மரம் காக்கடுவில் களை அல்ல

மேலே உள்ள பதிவில் ஒருவர், மெலலூக்கா எனும் காகிதப்பட்டை மரம் ஈரநிலங்களை அழிக்கும் அயல் களை, எனவே வட ஆஸ்திரேலியாவின் காக்கடு ஆற்றோரங்களிலும் அதை வெட்டி அகற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அதுவே பல முறை பகிரப்பட்டும் இருக்கிறது.

களை என்பது அமெரிக்காவின் ஃபுளோரிடாவைப் பொறுத்தவரை சரிதான். அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்பில் பரவியது மெலலூக்கா குயின்குநெர்வியா. கிழக்கு ஆஸ்திரேலியா, நியூ கலிடோனியா பக்கத்து மரம்; மனிதர்கள் கொண்டுபோய் நட்டது. அதைக் கட்டுப்படுத்த 1997-இல் ஆஸ்திரேலியாவிலிருந்தே ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். சொந்த ஊரில் அந்த மரத்தைத் தின்னப் பூச்சிகள் உண்டு, ஃபுளோரிடாவில் அதுவரை இல்லை, அவ்வளவுதான்.

காக்கடுவில் ஆற்றங்கரையில் நிற்பது பெரும்பாலும் வேறு இனங்கள்: மெலலூக்கா லூக்காடெண்ட்ரா, மெலலூக்கா கஜுபுட்டி போன்றவை. இவை அந்த மண்ணுக்கே உரியவை. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் அடிமரம் தண்ணீரில் நின்றாலும் தாங்கும். பறவைகளும் இவற்றில் அடைகின்றன.

சரிபார்ப்பது எளிது. லண்டனின் கியூ தாவரவியல் தோட்டம் நடத்தும் உலகத் தாவரங்கள் (Plants of the World Online) இணையதளத்தில் இனத்தின் முழு அறிவியல் பெயரைத் தேடுங்கள். வரைபடத்தில் பச்சை என்றால் இயல் வாழிடம், ஊதா என்றால் புகுத்தப்பட்ட இடம். வெறும் 'மெலலூக்கா' என்று தேடினால் நூற்றுக்கணக்கான இனங்கள் மொத்தமாக வரும். குழப்பம் தொடங்கியது அங்கேதான் என்று நினைக்கிறேன்.