கோடை மழை எல்லோருக்கும் வரமல்ல
கோடை மழை பற்றிய கட்டுரை ஒன்று "கோடை இடிமழை விவசாயிக்கு வரம்" என்று சொல்வது எள்ளுக்கும் சோளத்துக்கும் சரி, வாழைக்குப் பொருந்தாது. எங்கள் ஈரோடு மாவட்டத்தில் கோபி, சத்தியமங்கலம் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் மழைக்கு முன்னால் வருவது சூறைக்காற்று. இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே இறங்கித் தரையில் மோதி நாலாபக்கமும் பாய்கிறது. போன கோடையில் எங்கள் ஊரில் கால் மணி நேரம்தான் அடித்தது. வெட்டுக்கு வர இருந்த நேந்திரன் வாழை தாரோடு பாதியில் முறிந்து கிடந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு இலைகூடக் கிழியவில்லை! அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், "முட்டுக் கொடுத்திருந்தால் (மரத்துக்குக் கம்பு ஊன்றியிருந்தால்) தப்பித்திருக்கும்" என்கிறார். ஐயா, முட்டு தாரின் பாரத்தையும் மிதமான காற்றையும் தாங்கும், இப்படிப்பட்ட சூறைக்கு நிற்காது. வாழையின் தண்டு இலையுறைகள் சுருண்டு நிற்பது, அதில் கட்டையே கிடையாது. வரப்போரம் நெருக்கமாக அகத்தி வைத்தால் ஓரளவு காற்று மட்டுப்படும், அவ்வளவுதான். அப்புறம் நிவாரணம். 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால்தான் பேரிடர் நிதியில் இடுபொருள் மானியம், அதாவது விதை, உரம் போன்ற செலவுக்கான உதவி. எங்கள் ஊரில் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவர்கள் பெயரில் பட்டா இல்லை என்று கணக்கெடுப்பிலேயே சேர்க்கவில்லை. கடன் வாங்கிக் கன்று நட்டது அவர்கள்தானே? கட்டுரையாளர் அடுத்த முறை அவர்களிடமும் கேட்டு எழுத வேண்டும்.