ஜூம்ல பத்து பேர்

2024லயும் 2025லயும் நம்ம நவராத்திரி ஆரம்பிச்ச அதே அமாவாசைய ஒட்டித்தான் யூதர்களோட புது வருஷமும் பொறந்துச்சு, கவனிச்சீங்களா? ரெண்டு பேருமே நிலாவ வச்சு மாசம் எண்ணிட்டு, சூரியனுக்கு ஈடு கட்ட அப்பப்ப ஒரு மாசத்த கூட சேர்த்துக்கிற ஆளுங்க, அதனால பல வருஷம் இப்படி ஒத்துப்போயிடும். நான் இருக்கிற நியூ ஜெர்சி தெருவுல எங்க வீட்ல கொலு, பக்கத்து வீட்ல ரோஷ் ஹஷானா. அந்த பக்கத்து வீட்டு யூதப் பாட்டிக்கு எண்பது தாண்டி ரொம்ப நாளாச்சு, வீட்டுக்காரர் போய்ட்டார், பசங்க ஆளுக்கொரு ஊர்ல. அவங்க லேப்டாப், வைஃபை எல்லாத்துக்கும் நான்தான் மெக்கானிக்கு. அந்த வகையில இவங்களோட ஆன்லைன் கூட்டங்கள பல வருஷமா ஓரமா நின்னு பார்த்துட்டு வரேன், அத பத்தி எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கு, நீளமாத்தான் போகும், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

(இஸ்ரேல் அரசியல் பத்தி கமெண்ட்ல ஆரம்பிக்கிறவங்களுக்கு: எனக்கும் சொல்ல நிறைய இருக்கு, அது வேற பதிவு. இது தனியா இருக்கிற வயசானவங்கள பத்தினது.)

பண்டிகை சமயத்துல தனியா கிடக்கிறவங்களுக்கு ஆன்லைன் கூட்டம் ஒத்தாசையா இருக்குமான்னு கேட்டா, இருக்கும். ஆனா ஆன்லைன்னா ரெண்டு வகை இருக்கு, ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறோம். ஒண்ணு, பெரிய சினகாக்ல (யூதர்களோட கோயில்) நடக்கிற வழிபாட்ட டிவி மாதிரி வீட்ல உக்காந்து பார்க்கிறது. இன்னொண்ணு, சின்ன சின்ன கட்டத்துல மூஞ்சி தெரியுற ஜூம் கூட்டம், நீங்க வரலன்னா ஒருத்தர் "ஏன் வரல"ன்னு போன் போடுவாங்க. முதல் வகை அழகா இருக்கும், தூக்கி நிறுத்தறது ரெண்டாவதுதான்.

இது ஏன் யூதர்களுக்கு இவ்ளோ முக்கியம்னா அவங்க வழிபாட்டுல தலை எண்ணுவாங்க. பத்து பேர் இருந்தாத்தான் சில பிரார்த்தனைகள சொல்லவே முடியும், அதுக்கு பேரு மின்யான். பழமைவாத (ஆர்த்தடாக்ஸ்) பிரிவுல பத்து ஆம்பளைங்க, மத்த பிரிவுகள்ல பொம்பளைங்களையும் எண்ணுவாங்க. செத்துப்போனவங்களுக்காக சொல்ற கடிஷ் அந்த பத்து பேர் வேணும்ங்கிற வகை. அப்பா அம்மா போய்ட்டா பதினோரு மாசம் தினமும் சொல்லணும். அராமிக் மொழியில இருக்கிற அந்த கடிஷ்ல சாவ பத்தி ஒரு வார்த்தை கூட கிடையாது, முழுக்க கடவுள் புகழ்தான். துக்கத்துல இருக்கிறவர் ஒரு வரி சொல்ல, சுத்தி இருக்கிறவங்க ஆமென்னு சேர்ந்து பதில் சொல்லணும். அதாவது துக்கம் கொண்டாடறவன் தனியா ரூம்ல கதவ சாத்திட்டு இருக்க முடியாது, தினமும் பத்து பேர் மூஞ்சிய பார்த்தே ஆகணும். இத எவன் யோசிச்சு வச்சானோ, கெட்டிக்காரன்.

இப்ப 2020க்கு வாங்க. பஸ்கா பண்டிகை அந்த வருஷம் ஏப்ரல் 8 சாயங்காலம் தொடங்குச்சு. பஸ்காவோட உயிரே முதல் ராத்திரி செடர் சாப்பாடுதான், குடும்பமே மேஜைய சுத்தி உக்காந்து, வீட்ல சின்ன குழந்தை எதுவோ அது "இந்த ராத்திரி மட்டும் ஏன் இப்படி"ன்னு கேள்வி கேக்க, பெரியவங்க எகிப்துல இருந்து கிளம்பி வந்த கதைய சொல்லணும். சாப்பாட்டுக்கு முன்னாடி "பசிச்சவங்க எல்லாரும் வந்து சாப்பிடுங்க"ன்னு ஒரு அழைப்பு வேற. அத சொல்ற ராத்திரியில யாரும் யார் வீட்டுக்கும் போகக்கூடாதுன்னு இஸ்ரேல்ல ஊரடங்கு.

இதுல ஒரு சிக்கல்: பண்டிகை நாள்லயும், வெள்ளி சாயங்காலத்துலருந்து சனி ராத்திரி வரைக்குமான ஓய்வு நாள்லயும் கம்ப்யூட்டர் மாதிரி மின்சார சாமான்கள போடறது பழமைவாத பிரிவுல தடை. அந்த மார்ச்ல அங்க பதினாலு செஃபார்டி (ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா வழி வந்த யூதர்கள்) ரபிகள், அதாவது மதகுருக்கள், சேர்ந்து ஒரு தீர்ப்பு எழுதினாங்க, செடர் ராத்திரி ஜூம் போட்டுக்கலாம்னு. நிபந்தனை உண்டு, பண்டிகை தொடங்குறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர ஆன் பண்ணி அப்படியே விட்டுடணும், அதுவும் இந்த நெருக்கடிக்கு மட்டும்தான். காரணம் என்ன சொன்னாங்கன்னா, வயசானவங்க மனசு உடைஞ்சு போய்டக்கூடாது, பிழைச்சு கிடக்கணும்ங்கிற ஆசை அவங்களுக்கு விட்டுப்போகக்கூடாது. நாட்டோட தலைமை ரபிகள் ரெண்டு பேரும் ஒத்துக்கல. தனிமை வேதனைதான், அதுக்கு பண்டிகை தொடங்குறதுக்கு முன்னாடி வீடியோவுல பேசிக்கோங்க, உயிருக்கு ஆபத்துன்னாத்தான் பண்டிகை விதிய மீறலாம், தனிமைக்காக மீற முடியாதுன்னாங்க. பெரிய சண்டை.

நான் பதினாலு பேர் கட்சி. தனிமையில ஆள் செத்துப்போக மாட்டாங்கன்னு நினைக்கிறவங்க முதியோர் இல்லத்து பக்கம் போனதே இல்லன்னு அர்த்தம். ஆனா எதிர்க்கட்சி மேலயும் எனக்கு மரியாதை இருக்கு, ஏன்னா பண்டிகைக்கு முன்னாடி பேசுங்கன்னு அவங்க சொன்னது சும்மா தட்டிக்கழிக்கிற பேச்சு இல்ல, நிறைய பழமைவாத குடும்பங்கள்ல நிஜமாவே அதுதான் நடந்துச்சு. வெள்ளிக்கிழமை சூரியன் மறையறதுக்கு முன்னாடி எல்லாரும் லிங்க்ல சேர்ந்து பாடிட்டு, மெழுகுவர்த்தி ஏத்தற நேரத்துக்கு மூடிட்டு போய்டுவாங்க. சனிக்கிழமை இருட்டினதுக்கப்புறம் ஓய்வு நாள முடிச்சு வைக்கிற சடங்குக்கு மறுபடி திறப்பாங்க. புது வருஷத்துக்கு முன்னாடி மன்னிப்பு கேட்டு சொல்ற செலிஹோத் பிரார்த்தனைக்கும் தடை கிடையாது, அது சாதாரண நாள் ராத்திரிலதான வருது. விதிக்குள்ளயே சந்து பொந்து தேடி ஆளுங்கள பக்கத்துல வச்சுக்கிட்டாங்க. விதிய கேலி பண்ற நம்ம முற்போக்கு நண்பர்கள் இத ஒரு தடவ யோசிக்கணும்.

பாட்டி நடுவாந்திர பிரிவு, கன்சர்வேட்டிவ்னு சொல்லுவாங்க, பேர்தான் அப்படி, பொம்பள ரபி எல்லாம் உண்டு. அந்த பிரிவுல 2001லயே இணையத்த பத்தி ஒரு தீர்ப்பு இருக்கு. பத்து பேர் ஒரே இடத்துல கூடியிருந்தா தூரத்துல இருக்கிறவரும் கேட்டு பதில் சொல்லலாம், ஆனா அந்த பத்துல ஒருத்தரா அவர எண்ணக்கூடாது. 2020 மார்ச்ல நெருக்கடின்னு சொல்லி இத தளர்த்தி, அந்தந்த ஊர் ரபி அனுமதிச்சா திரையில இருக்கிறவங்களையும் எண்ணிக்கலாம்னாங்க. எண்ணணும்னா ஒருத்தர ஒருத்தர் பார்க்கவும் கேக்கவும் முடியணும். சும்மா லைவ் ஸ்ட்ரீம் பார்த்துட்டு இருக்கிறவர் கணக்குல வரமாட்டார். நான் மேல சொன்ன ரெண்டு வகை அவங்க சட்டத்துலயே இருக்கு பாருங்க.

ஷோஃபார் விஷயத்துல இன்னும் கறார். புது வருஷத்துக்கு ஊதற ஆட்டுக்கடா கொம்பு அது. குழிக்குள்ளயோ பீப்பாய்க்குள்ளயோ ஊதினா, கேட்டது கொம்போட சத்தமா எதிரொலியான்னு பார்க்கணும், எதிரொலின்னா கடமை தீரலன்னு மிஷ்னாவுல இருக்கு, கிட்டத்தட்ட 1800 வருஷத்துக்கு முந்தின யூத சட்ட நூல். ஸ்பீக்கர்ல வர்ற சத்தம் கொம்பா எதிரொலியான்னு அப்புறம் ஒரே விவாதம், நிறைய பேர் செல்லாதுன்னுட்டாங்க. அதனால 2020 செப்டம்பர்ல நிறைய ஊர்ல பார்க்லயும் தெரு முனையிலயும் நின்னு ஊதினாங்க. அதுவும் முதல் நாள் சனிக்கிழமையா போச்சு, ஓய்வு நாள்ல ஊதற வழக்கம் இல்ல, ஞாயித்துக்கிழமைதான். எங்க தெரு முனையிலயும் ஒருத்தர் வந்து ஊதினார், ஜன்னல் ஜன்னலா ஆளுங்க எட்டிப்பார்த்தாங்க, எங்க வீட்ல என் பையன் யானைன்னு நினைச்சுக்கிட்டான்.

சரி, ஜூம் கூட்டம் உள்ள எப்படி இருக்கும்னா, அசிங்கமா இருக்கும். ஒளிக்காம சொல்றேன். எல்லாரும் ஒண்ணா பாட முடியாது, ஒவ்வொருத்தர் குரலும் ஒவ்வொரு நேரத்துக்கு வந்து சேரும், அதனால நடத்துறவர தவிர மத்த எல்லாரும் மியூட். கடிஷ் வந்ததும் துக்கத்துல இருக்கிறவங்கள அன்மியூட் பண்ணச் சொல்லுவாங்க, உடனே ஒருத்தர் வீட்டு நாய், ஒருத்தர் இருமல், ஒருத்தர் பாதி வரி முன்னாடி, ஒருத்தர் பாதி வரி பின்னாடி, சந்தைக்கடைதான். பாட்டிக்கு அந்த பகுதிதான் பிடிக்கும். பெரிய சினகாக் லைவ் ஸ்ட்ரீம்ல கோல் நித்ரே பாட்டு (யோம் கிப்பூர் விரதம் தொடங்குற ராத்திரி பாடறது, கேட்டு பாருங்க, உருக்கிடும்) அவ்ளோ நல்லா கேக்கும், மன்ஹாட்டன்ல இருக்கிற சென்ட்ரல் சினகாக் மாதிரி இடங்களோட வழிபாட்ட உலகம் பூரா பார்க்கிறாங்க. பாட்டியும் பார்ப்பாங்க. ஆனா பார்த்து முடிச்சுட்டு என்கிட்ட பாடினவர் குரல பத்திதான் பேசுவாங்க. ஜூம் முடிஞ்சா யாருக்கு முட்டி ஆபரேஷன், யார் பேத்திக்கு கல்யாணம், யார் இன்னைக்கு வரல, இதுதான் பேச்சு.

தல்மூத்ல (யூதர்களோட பழைய சட்ட விவாத நூல்) ஒரு சமாச்சாரம் படிச்சேன், அன்னையிலருந்து எனக்கு இந்த விஷயம் இன்னும் தெளிவாச்சு. எகிப்துல அலெக்சாண்ட்ரியாவுல ரொம்ப பெரிய சினகாக் ஒண்ணு இருந்துச்சாம், முன்னாடி படிக்கிறது பின்னாடி இருக்கிறவங்களுக்கு கேக்காதாம். அதனால நடுவுல மேடை போட்டு ஒருத்தர் துணிய வச்சுக்கிட்டு நிப்பாராம், அவர் துணிய வீசினா கூட்டமே ஆமென் சொல்லணும். அந்த காலத்து லைவ் ஸ்ட்ரீம்தான், சத்தம் வராது, சிக்னல் மட்டும் வரும்! ஆனா அதே இடத்துல இன்னொண்ணும் சொல்லியிருக்கு. அங்க எல்லாரும் கலந்து உக்கார மாட்டாங்களாம், பொற்கொல்லர் ஒரு பக்கம், கொல்லர் ஒரு பக்கம், நெசவாளர் ஒரு பக்கம்னு தொழில் வாரியா உக்காருவாங்களாம். எதுக்குன்னா, ஊருக்கு புதுசா வர்ற ஏழை உள்ள நுழைஞ்சதும் தன் தொழில்காரங்கள அடையாளம் கண்டு அவங்ககிட்ட போய் சேர்ந்துக்கலாம், அவனுக்கும் குடும்பத்துக்கும் பிழைப்பு கிடைச்சிடும். அவ்ளோ பெரிய கூட்டத்துக்குள்ளயும் ஒரு ஆள் தொலைஞ்சு போகாத மாதிரி ஏற்பாடு.

திரை வழி வழிபாட்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, பயம். 2018 அக்டோபர்ல பிட்ஸ்பர்க் சினகாக்ல பதினோரு பேர சுட்டுக் கொன்னாங்க, அடுத்த வருஷம் யோம் கிப்பூர் அன்னைக்கே ஜெர்மனியில ஹாலே ஊர் சினகாக்குள்ள நுழைய ஒருத்தன் பார்த்தான், கதவு தாங்கிடுச்சு, வெளிய ரெண்டு பேர் செத்தாங்க. 2022 ஜனவரியில டெக்சாஸ் காலிவில்ல சனிக்கிழமை வழிபாட்டு நடுவுல ஒருத்தன் நாலு பேர பிடிச்சு வச்சுக்கிட்டான், கொரோனாவால மிச்ச சபை வீட்ல இருந்தபடியே லைவ் ஸ்ட்ரீம்ல இருந்துச்சு. கடைசியில நாலு பேரும் உயிரோட வெளிய வந்தாங்க. வாசல்ல போலீஸ தாண்டி நடந்து போகணும்னா தள்ளாத வயசுக்காரங்க எத்தனை பேர் போவாங்க?

நம்ம பக்கத்துல கொச்சி மட்டாஞ்சேரிய எடுத்துக்கோங்க, 1568ல கட்டின பரதேசி சினகாக், டூரிஸ்ட் கூட்டம் எக்கச்சக்கம். உள்ளூர் ஆளுங்கள வச்சு பத்து சேராது, முக்காவாசி பேர் இஸ்ரேல் போய்ட்டாங்க. ஆயிரம் பேர் வந்து பார்த்துட்டு போற இடத்துல எண்ணிக்கை தேறல. அமெரிக்காவுல சின்ன ஊர் சபைகளுக்கும் மெல்ல இதே கதிதான்.

இதெல்லாம் தெரிஞ்சும், கொரோனா முடிஞ்சதும் பாட்டியோட சினகாக்ல ஜூம நிறுத்திட்டாங்க. நேர்ல வாங்க, முடியாதவங்களுக்கு லைவ் ஸ்ட்ரீம் இருக்கேன்னு பதில். ஜூம் இருந்தா சோம்பேறிங்க வீட்லயே உக்காந்துடுவாங்க, நேர்ல பத்து சேராதுன்னு கமிட்டிக்கு கவலை, அது பொய்யான கவலை இல்ல, வார நாள் காலையில ஒன்பது பேரோட பத்தாவது ஆளுக்கு காத்துட்டு நின்னவங்களுக்குத்தான் அந்த கஷ்டம் தெரியும். ஆனா படி ஏற முடியாதவங்கள சோம்பேறிங்களோட சேர்த்து வெட்டி விட்டுட்டீங்களே. நேர்ல பத்து பேர் கூடட்டும், அந்த ரூம்லயே ஒரு ஸ்க்ரீன மாட்டி மத்தவங்க மூஞ்சி தெரியுற மாதிரி வச்சா என்ன குறைஞ்சிடும்? 2001 தீர்ப்பே அதுக்கு இடம் கொடுக்குது, எண்ணிக்கையில சேர்க்காம ஆமென் மட்டும் சொல்லட்டும்னு.

பாட்டி இப்போதைக்கு வேற வேற ஊர் ஆளுங்க சேர்ந்த ஒரு சின்ன ஆன்லைன் குழுவுல இருக்காங்க, பண்டிகைக்கு முந்தின வாரம் அவங்க கூடி அந்த வருஷம் யார் யார் போய்ட்டாங்கன்னு பேரு சொல்லி பேசுவாங்க. ஆனாலும் நாப்பது வருஷமா போன சொந்த சினகாக் மேல ஏக்கம் போகல. கமிட்டிக்கு ஒரு லெட்டர் எழுதியிருக்காங்க, டைப் அடிச்சது நான்தான், மூணு பக்கம், ரெண்டு இடத்துல நான் கொஞ்சம் காரத்த குறைச்சேன், அவங்க கண்டுபிடிச்சு திரும்ப சேர்க்க வச்சுட்டாங்க. பதில் இன்னும் வரல, வந்தா கமெண்ட்ல போடறேன்.