போட்டுப் பார்க்க விட்டா என்னங்க?

துணிக்கடையில பிராவை மாத்திக் கேட்ட ஒரு அக்காவைக் கடைக்காரர் கேலி பண்ணின அந்த வீடியோவைப் பத்தி எதுவும் சொல்லாம கடந்து போகலாம்னுதான் இருந்தேன். இன்னிக்குக் காலையில அண்ணன் முறையாகிற ஒருத்தர் அதை எங்க குடும்பக் குரூப்புலயே போட்டு, கீழ சிரிக்கிற பொம்மையை வரிசையா அடுக்கி வச்சிருக்கார். அதனால எழுதறேன். நீளமாத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவங்க டீயும் வர்க்கியும் சாப்பிடப் போகலாம்.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. அந்தக்கா இனாமா எதுவும் கேக்கல. வாங்கின பிரா சேரல, மாத்திக் குடுங்கன்னு கேட்டாங்க. அந்தக் கடைக்கார ஆள் அதைப் பிரிச்சு, எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடிச்சு, "சொந்த சைஸ் தெரியாமலே கடைக்கு வந்துடறாங்க"ங்கிறான். சுத்தி நின்னவங்க சிரிக்கிறாங்க. ஒரு புண்ணியவான் படம் பிடிச்சிருக்கார். இப்ப நீலகிரி மலை முழுக்க ஓடுது.

சொந்த சைஸ் தெரியாம வந்தாங்களாம். சரி, எப்படிங்க தெரியும்? யார் அளந்து சொன்னாங்க?

நம்ம ஊர்ல பிரா வாங்கற அழகு தெரியாதா? கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒரு அண்ணா. "என்ன சைஸ்மா?" நாம குரலை இறக்கி "36"னு சொல்லணும். அவர் ஒரு பார்வை பார்த்துட்டு "உங்களுக்கு 38 எடுங்க, கரெக்டா இருக்கும்"பார். டேப் எதுக்கு, கண்ணே அளந்துடுமே. பெட்டியைத் திறந்து காட்டுவார், நாம நெளிஞ்சுக்கிட்டே கலரை மட்டும் பார்த்துத் தலையாட்டுவோம். நீலகிரியில பிளாஸ்டிக் பைக்குத் தடை, அதனால பழைய பேப்பர்ல சுத்தி நூல் கட்டித் தருவாங்க. "போட்டுப் பார்த்துட்டு..."ன்னு இழுத்தா சுவத்தைக் காட்டுவாங்க. உள்ளாடைகள் திரும்பப் பெறப்பட மாட்டாது. போட்டும் பார்க்கக்கூடாது, மாத்தவும் கூடாது. ரெண்டுல ஒண்ணாவது விடணுமா இல்லையா?

அதே கடைத்தெருவுக்கு மே மாசம் வாங்க. மலர்க் கண்காட்சிக்கு வர்ற கூட்டம் ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டரா போட்டு, கண்ணாடி முன்னாடி திரும்பித் திரும்பிப் பார்த்து, போட்டோ எடுத்துக்கிட்டு, ஒண்ணும் வாங்காம நடையைக் கட்டும். "போட்டுப் பாருங்க மேடம், பார்க்கறதுக்குக் காசா?" வெளிய தெரியற துணிக்கு ஆளுயரக் கண்ணாடி. விடிஞ்சதுலேர்ந்து படுக்கற வரைக்கும் நெஞ்சையும் முதுகையும் பிடிச்சுக்கிட்டு இருக்கிற துணிக்குப் பேப்பரும் நூலும்.

சைஸ் தெரியலைங்கிறவங்களுக்கு, சைஸ்னா என்னன்னு முதல்ல தெரியுமா? ரெண்டு அளவு இருக்கு. மார்புக்குக் கீழ சுத்தி எடுக்கறது ஒண்ணு, மார்போட எடுப்பான இடத்துல சுத்தி எடுக்கறது இன்னொண்ணு. கீழளவை வச்சு நம்பர் வருது, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வச்சு ஏ, பி, சின்னு கப் அளவு வருது. இது வரைக்கும் ஒழுங்கு. இனிமேதான் கூத்து. ஒரு கம்பெனி கீழளவோட நாலு, அஞ்சு இஞ்ச் கூட்டி நம்பர் போடும். இன்னொரு கம்பெனி கூட்டவே கூடாது, அளந்ததுதான் நம்பர்ங்கும். ஒரே உடம்பு, ஒரு பெட்டியில 34, இன்னொரு பெட்டியில 38. இதுல மாதவிடாய்க்கு முன்னாடி வீங்கும். பால் குடுக்கறப்ப ஒரு அளவு, நிறுத்தினப்புறம் வேற அளவு. நிறைய பேருக்கு ரெண்டு பக்கமும் சமமாவே இருக்காது, பெரிய பக்கத்துக்குச் சரியா எடுக்கணும். இதெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கிட்டுத்தான் அந்தக்கா கடைப்படி ஏறியிருக்கணுமா?

இன்னொரு தகிடுதத்தம். 34 சி கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. "36 பி எடுத்துக்கங்க, ரெண்டும் ஒண்ணுதான்"பாங்க. பாதி உண்மை. கப் பிடிக்கிற அளவு ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா அடிப்பட்டை தொளதொளன்னு ஆயிடும். பாரத்தைத் தாங்க வேண்டியது அந்த அடிப்பட்டைதான், தோள்ல போற பட்டை சும்மா துணைக்கு. அடிப்பட்டை முதுகுல மேல ஏறிடுச்சுன்னா மொத்தக் கனமும் தோள்ல தொங்கும். புதுசுல ஓரத்துக் கொக்கியிலேயே, அதான் ரொம்பத் தளர்வா இருக்கிற வரிசை, கச்சிதமா நிக்கணும். எலாஸ்டிக் தளரத் தளர உள்கொக்கிக்கு மாறிக்கலாம். பட்டைக்குள்ள ரெண்டு விரல் போகணும். கையைத் தூக்கினா இடத்தை விட்டு நகரக்கூடாது. சொல்லுங்க, இதுல எதை நூல் கட்டின பொட்டலத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறது?

எங்கம்மா டான்டீயில, அதான் அரசுத் தேயிலைத் தோட்டத்துல, கொழுந்து பறிச்சவங்க. இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலேர்ந்து இங்க வந்து இறங்கின குடும்பம். அம்மாவோட ரெண்டு தோள்லயும் பள்ளம் இருக்கும், விரலை வச்சா அப்படியே உக்காரும். கேட்டா "சாக்கு தூக்கின தழும்புடி"ம்பாங்க. சாக்குக் கயிறு போறது தலையிலம்மா, தோள்ல ஏது? வாழ்க்கை பூரா சந்தைக்கடையில கிடைச்ச 40ஐ வாங்கி, தொளதொளன்னு இருக்கேன்னு தோள்பட்டையை இழுத்து இழுத்துச் சுருக்கிப் போட்ட பள்ளம் அது. ஒரு தடவை கோயம்புத்தூர்ல ஒரு கடையில பொண்ணு ஒருத்தி டேப் வச்சு அளந்தா. நம்பர் இறங்குச்சு, எழுத்து ஏறுச்சு. அம்மா விலையைக் கேட்டுட்டு என்னைத் திட்டினாங்க பாருங்க, திரும்பி வர்ற பஸ் மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டற வரைக்கும் நிறுத்தல. அடுத்த வாரத்துலேர்ந்து அந்த ஒண்ணையே துவைச்சுத் துவைச்சுப் போட்டாங்க.

துவைக்கிறதும் ஒரு கதை. எங்க லயத்துல, அதான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுல, பிராவைக் கொடியில தனியா யாரும் காயப்போட மாட்டாங்க. மேல ஒரு துண்டு கட்டாயம். ஐப்பசி மழையில குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வெயில் எட்டிப் பார்க்கறதே அதிசயம், அதுல துண்டுக்கு அடியில இருக்கறது எங்க காயும்? ஈரத்தோட மாட்டிக்கிட்டுப் போனா மார்புக்கு அடியில அரிப்பு, செவப்பு, புண்ணு. அடுப்போரம் காயவச்சா எலாஸ்டிக் செத்துடும், மறுபடி தொளதொள. புண்ணுக்கும் டாக்டர்கிட்ட காட்டக் கூச்சம், தேங்காயெண்ணெய்தான். இப்படியே ஒரு தலைமுறை போச்சு. இதுல சிரிக்க என்ன இருக்கு?

இப்ப வருவாங்க. "சுத்தம்னு ஒண்ணு இருக்கே, ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் எப்படி வாங்குவாங்க?" மெல்லிசா ஒரு பனியனுக்கு மேல போட்டுப் பார்க்கச் சொல்லலாம். சைஸுக்கு ஒண்ணு சாம்பிளா வச்சுக்கிட்டு, பார்த்தப்புறம் புதுசைப் பிரிச்சுத் தரலாம். மனசு வேணும், அவ்வளவுதான்.

"சின்னக் கடை, அத்தனை சைஸ் வச்சுக் கட்டுபடியாகாது." இதை ஒத்துக்கறேன். 32லேர்ந்து 40 வரைக்கும் அஞ்சு நம்பர், நம்பருக்கு நாலு கப், மூணு கலர்னு வச்சாலே அறுபது தினுசு ஆகுது. அதுல பாதி தூசி படிஞ்சு கிடக்கும், பணம் முடங்கும். சீசன் இல்லாத மாசத்துல வாடகை குடுக்கவே திணறுற கடைங்களை எனக்கும் தெரியும். அப்ப இல்லைன்னு சொல்லுங்க. வேற சைஸைத் தலையில கட்டாதீங்க. டேப் என்ன விலைங்க? ஒரு மூலையில திரைச்சீலை மாட்ட எவ்வளவு ஆகும்? மலை இறங்கினா திருப்பூர், உலகத்துக்கே உள்துணி தைச்சு அனுப்பற ஊர். மேல இருக்கிற நமக்கு மட்டும் கண்ணளவு.

"ட்ரையல் ரூம்ல கேமரா வச்சுட்டா?" வைக்கிறவனைப் பிடிச்சு உள்ள போடுங்க. அதுக்காக நாங்க அளவில்லாததைப் போட்டுக்கிட்டுத் திரியணுமா?

"ஆன்லைன்ல வாங்க வேண்டியதுதானே?" லயத்து வீட்டு வாசலுக்குப் பார்சல் வர்ற அழகை முதல்ல வந்து பாருங்க. அங்கயும் உள்ளாடைக்கு ரிட்டர்ன் இல்லைன்னு போட்டிருக்கிறது எத்தனை! "ஸ்வெட்டருக்குள்ள யாருக்குத் தெரியப் போகுது?" என் தோளுக்குத் தெரியும். "எங்க பாட்டியெல்லாம் போட்டாங்களா?" வேண்டாம்னா போடாதீங்க, யாரும் கட்டாயப்படுத்தல. பிரா போட்டா கேன்சர் வரும்னு பார்வர்டு அனுப்பின பெரியவருக்கு மட்டும் தனியா: 2014ல சியாட்டில்ல ஃப்ரெட் ஹட்சின்சன் ஆய்வு மையத்துல இதையே எடுத்து ஆராய்ஞ்சு, சம்பந்தமில்லைன்னு சொல்லிட்டாங்க. அடுத்த பார்வர்டு அனுப்பறதுக்கு முன்னாடி, உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணு நீங்களே போய் வாங்கிட்டு வாங்க. சைஸ் கேக்காம. கடைக்காரர் தூக்கிப் பிடிச்சுக் காட்டறப்ப சிரிச்ச முகத்தோட நில்லுங்க.

கடையில வேலை பார்க்கிற பொண்ணுங்களை நான் சொல்லல. அவங்களே நாள் பூரா நிக்கிறாங்க. உட்கார இடம் குடுக்கணும்னு 2021ல சட்டத்தைத் திருத்தியும் எத்தனை கடையில ஸ்டூல் இருக்கு? அவங்க கையில ஒரு டேப்பைக் குடுத்து, ஒரு நாள் சொல்லித் தந்தா போதும், அழகா அளப்பாங்க.

உண்மையைச் சொல்லணும்னா அந்த ஆள் பேசினதுகூட எனக்குப் பழக்கமான பேச்சுதான். பின்னாடி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்ச ரெண்டு பொம்பளைங்களைத்தான் தாங்க முடியல. ஏங்க, நீங்க வீட்டுக்குப் போய்க் கொக்கியைக் கழட்டினதும் அப்பாடான்னு பெருமூச்சு விடறதே இல்லையா? உங்க தோள்ல பள்ளம் இல்லையா? உங்க கொடியில துண்டு இல்லையா? அந்தக்கா கேட்டது உங்களுக்கும் சேர்த்துத்தானே? பக்கத்துல போய் "மாத்திக் குடுங்கண்ணா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த வீடியோ அங்கயே முடிஞ்சிருக்கும். எடுத்தவனுக்கும் போடறதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது.

சரி. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் எங்கயாவது டேப் வச்சிருக்கிற பொண்ணும், ஒழுங்கா மூடற திரையும் இருக்கிற கடை இருந்தா கீழ பேரைப் போடுங்க. திட்டறதுக்கில்ல, போறதுக்கு. விலை கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்ல, தங்கச்சியையும் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கிட்டே போறேன். "இதையெல்லாம் பொதுவுல பேசணுமா சிஸ்டர்"னு வர்ற கமெண்டை அழிச்சிடுவேன், முன்னாடியே சொல்லிட்டேன்.