12.6 வோல்ட் காட்டினால் மட்டும் போதாது

பாய்மரப் படகின் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபோது, பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் அது நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட்டர் மோட்டார்தான் (இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லைங்க. சும்மா இருக்கும்போது 12.6 என்றால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது என்றுதான் அர்த்தம். பாய்மரப் படகின் சின்ன டீசல் இன்ஜினுக்குக்கூட ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தகடுகள் பழசாகி உள்தடை (மின்னோட்டத்துக்கு பேட்டரிக்குள்ளேயே இருக்கும் எதிர்ப்பு) கூடிய பேட்டரி அந்தச் சுமையில் அப்படியே படுத்துவிடும், ஆனால் சுமை இல்லாதபோது மீட்டரில் அழகாக 12.6 காட்டும்.

நீங்களே பார்த்துவிடலாம். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் விட்டு, மீட்டர் முனைகளை பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள் (அதன் மேல் மாட்டியிருக்கும் கேபிள் கிளாம்பில் வேண்டாம், அழுக்குப் பிடித்த கிளாம்ப் ஏமாற்றிவிடும்), இன்னொருவரை ஒரு சில விநாடி ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். விழாமல் 11-க்குப் பக்கத்திலேயே நின்று, மோட்டார் மட்டும் முனகினால், பட்டனை அழுத்தியபடியே அதே அளவை ஸ்டார்ட்டரின் முனையில் எடுங்கள், பேட்டரியில் பார்த்ததைவிட அங்கே ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் கேபிளிலோ இணைப்பிலோ பேட்டரி சுவிட்சிலோதான் கோளாறு. இதையெல்லாம் பார்த்த பிறகு ஸ்டார்ட்டரைக் கழற்றுங்கள், தயவுசெய்து அதற்கு முன்னால் வேண்டாம்.