விடை தெரிந்த சோதனைகள்

பொறியியல் முடித்து வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் முதல் இரண்டு ஆண்டுகள் திணறினால், எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: பேசத் தெரியவில்லை, ஆங்கிலம் போதவில்லை. நேர்முகத் தேர்வுகளில் மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்தவன் நான். பேச்சு ஆறு மாதத்தில் வந்துவிடும். எளிதில் போகாத கெட்ட பழக்கம் ஒன்று இருக்கிறது. அதை எனக்குப் பழக்கிவிட்டதே பல்கலைக்கழக ஆய்வுக்கூடம்தான்.

இரண்டாம் ஆண்டு, வெள்ளிக்கிழமைப் பிற்பகல். மின்தடைக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டி மின்னோட்டத்தை அளக்க வேண்டும். ஓம் விதி. வரைபடம் நேர்கோடாக வரும் என்று ஐந்தாம் படிவத்திலேயே படித்தாயிற்று. எங்களுக்கு ஒரு புள்ளி மட்டும், தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் தொலைந்த பிள்ளைபோலத் தனியே நின்றது. அழித்தோம். கோட்டின்மேல் புதிதாக ஒரு புள்ளி வைத்தோம். பத்துக்கு ஒன்பது மதிப்பெண். அடுத்த வாரம் அந்த உழைப்பும் தேவைப்படவில்லை. சீனியர்களின் அறிக்கை கைக்கு வந்துவிட்டது. அந்தப் புள்ளி ஏன் விலகியது? கம்பி தளர்ந்திருந்ததா, மின்தடை சூடேறியதா? நாங்களும் கேட்கவில்லை, விரிவுரையாளரும் கேட்கவில்லை.

பிறகு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவுப் பொறியியலாளர் ஆனேன். 1972இல் இங்கே சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்ததிலிருந்து பினாங்குக்குப் பெயர் வாங்கித் தந்ததே இந்த வேலைதான். எங்கோ செய்த மின்னணுச் சில்லுகள் இங்கே வந்து உறையிடப்பட்டு, சோதிக்கப்பட்டு, மறுபடி விமானம் ஏறுகின்றன.

மூன்றாம் மாதம். ஓர் இயந்திரத்தில் மட்டும் கழிவு அதிகம், காரணம் கண்டுபிடித்து அறிக்கை எழுது என்றார்கள். அதில் நான்கு சாக்கெட்டுகள், அதாவது சோதிக்கும்போது சில்லு உட்காரும் இடங்கள். முப்பது சில்லுகளை மும்மூன்று முறை அளந்தேன். மூன்றாவது சாக்கெட்டின் அளவுகள் மட்டும் தாறுமாறாக வந்தன. என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? நீக்கிவிட்டேன். மிச்சத்தைச் சராசரி எடுத்ததும் வரைபடம் அழகாக வந்தது. தகுதிகாண் காலம் முடியவில்லை, கல்விக் கடன் வேறு காத்திருக்கிறது. அழகான வரைபடம் யாருக்குத்தான் வேண்டாம்?

இரவு ஷிஃப்டில் இருந்த டெக்னீஷியன் அண்ணன் திரையை எட்டிப் பார்த்தார். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்தவர், இருபது ஆண்டுகள் அதே தளத்தில் நின்றவர்.

"தம்பி, மூன்றாம் சாக்கெட் எங்கே?"

"தவறாக வந்தது அண்ணே, எடுத்துவிட்டேன்."

"தவறென்று யார் சொன்னது?"

சாக்கெட்டைக் கழற்றி நுண்ணோக்கியில் வைத்தார். ஊசி முனைகளில் ஈயப்பற்று அப்பி, கறுத்துப்போயிருந்தது. அந்த அழுக்கு 0.1 ஓம் தடையைக் கூட்டினால் போதும். 2 ஆம்பியர் ஓடும்போது 0.2 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். ஒரு வோல்ட் வேண்டிய சில்லுக்கு 0.8 வோல்ட்தான் போய்ச் சேரும். பழுதில்லாத சில்லுகள் கழிவுத் தட்டில் விழுந்துகொண்டிருந்தன. நான் நீக்கிய எண்கள்தாம் விடை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அழுக்கைக் கண்டவர் அவர். இந்தக் கணக்கைப் போட்டவன் நான். படிப்பு வீண் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஆனால் அவருக்கு விடை முன்கூட்டித் தெரியாது, அதனால் பார்த்தார். எனக்குத் தெரியும் என்று நினைத்தேன், அதனால் பார்க்கவில்லை.

2009இல் மலேசியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினரானது. இங்கே அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் இணையானதாக ஏற்கின்றன. நல்ல காரியம். அந்த அங்கீகாரத்துக்கான தகுதிகளில் தொழில் நெறியும் ஒன்று. அதற்கென ஒரு பாடம் இருந்தது. மதிய உணவுக்குப் பிந்தைய வகுப்பு, பாதிப் பேர் தூங்கினோம். உண்மையான நெறிப் பாடம் வெள்ளிக்கிழமைதோறும் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. அதில்தான் பத்துக்கு ஒன்பது வாங்கினோம்.

பட்டம் வாங்கியதும் மாலை போட்டு, "எங்கள் பையன் எஞ்சினியர்" என்று உறவெல்லாம் சொல்கிறோம். சட்டம் அவ்வளவு அவசரப்படவில்லை. பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிந்து, குறைந்தது மூன்று ஆண்டுகள் அனுபவம் பெற்று, மதிப்பீட்டிலும் தேறினால்தான் தொழில்முறைப் பொறியியலாளர். என்னோடு தொழிற்சாலைக்கு வந்தவர்களில் பலர் அந்தப் பக்கமே போகவில்லை. அது வேறு கதை.

இதைப் படிக்கும் விரிவுரையாளர்கள் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். பருவத்துக்கு ஒரு முறையாவது, சொல்லாமல், ஒரு பழுதான பாகத்தை மேசையில் வையுங்கள். நேர்கோடு வரவே கூடாது. கோணலை மறைக்காமல் எழுதி, காரணத்தைத் துரத்தியவனுக்கு மதிப்பெண் போடுங்கள். நேரமில்லை, பாடத்திட்டம் இடம் தராது என்பீர்கள். பாகத்துக்குப் பஞ்சமில்லை. முனை கறுத்த ஒரு பழைய சாக்கெட் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளலாம்.