இரண்டு முக்கோணங்களும் ஒரு சூரியனும்

கடந்த மாதம் கிருஷ்ணகிரி நகரை ஒட்டிய ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். வராந்தாவில் கயிறு கட்டி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் ஓவியங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். மொத்தம் 34 படங்கள். நின்று எண்ணிப் பார்த்தேன். அவற்றில் 21 படங்களில் இரண்டு முக்கோண மலைகள், அவற்றின் இடுக்கில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் ஓர் ஆறு, கரையில் ஒரு குடிசை, அதன் பக்கத்தில் சாய்ந்த தென்னை, வானத்தில் நான்கைந்து பறவைகள். அதே வராந்தாவில் நின்று தலையைத் திருப்பினால் சையத் பாஷா மலை தெரிகிறது. முக்கோணத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வெயிலில் கருத்தும் வெளுத்தும் நிற்கும் பாறைச் சரிவுகள், மேலே கோட்டைச் சுவரின் மிச்சங்கள், பாறை வெடிப்புகளில் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும் புதர்கள். தினமும் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் ஒருவர்கூட அதை வரைந்திருக்கவில்லை.

இதைக் குறையாகச் சொல்ல எனக்கு முழு உரிமை கிடையாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் 26 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். முதல் ஐந்தாறு ஆண்டுகள் அதே படத்தைத்தான் கரும்பலகையில் வரைந்து போட்டு, “இதைப் பார்த்துப் போடுங்கள்” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது பிள்ளைகள் ஒரு பாடவேளை முழுவதும் சத்தமில்லாமல் இருப்பதற்கு அதைவிட எளிய வழி கிடையாது. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தால் வகுப்பு அமைதியாக இருக்கும், நோட்டுகளில் படமும் இருக்கும். பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று அவரும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பிற்பாடுதான் புரிந்தது, அவர்கள் கற்றது ஒரு மலையை வரைவதை அல்ல, மலையைப் பார்க்காமலேயே மலை வரைந்துவிடலாம் என்பதை.

ஓவிய வகுப்பு என்பது கைக்குப் பயிற்சி தரும் நேரம் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது முதலில் கண்ணுக்கான பாடம். கணக்குக்கும் அறிவியலுக்கும் இருப்பதைப் போலவே அதற்கும் படிகள் உண்டு, கலைச்சொற்கள் உண்டு, இந்த வாரம் கற்றதை அடுத்த வாரம் தொடரும் வரிசை உண்டு. அந்த வரிசையோடு அது வகுப்பறையில் நடத்தப்பட வேண்டும் என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல வருகிறேன்.

எப்படி நடத்துவது என்பதற்கு நான் பல ஆண்டுகள் நடத்திய ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது எங்கள் மாவட்டத்தில் மாம்பழப் பருவம் முடிந்திருக்காது. முதல் வகுப்பில் எதையும் காட்டாமல் “ஒரு மாங்காய் வரையுங்கள்” என்பேன். எல்லாத் தாளிலும் ஒரே மாங்காய்தான் வரும்: சேலைக் கரையில் இருப்பதைப் போன்ற ஒரு வளைவு, மேலே ஒரு காம்பு, காம்பில் ஓர் இலை. அந்தத் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, மேசைமேல் நான்கு பழங்களை அடுக்குவேன். பெங்களூரா, செந்தூரா, நீலம், மல்கோவா. பிள்ளைகளில் பாதிப் பேரின் வீடுகளில் தோப்புக் குத்தகையோ, பறிப்பு வேலையோ, மண்டி வேலையோ இருக்கும். கூழ் ஆலைக்குப் போகும் பழம் எது, வீட்டில் வைத்துத் தின்னும் பழம் எது என்று என்னைவிட நன்றாக அவர்களுக்குத் தெரியும். அவ்வளவு தெரிந்தவர்கள், பென்சிலை எடுத்ததும் சேலைக்கரை மாங்காயைப் போடுகிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

முதல் பதினைந்து நிமிடங்கள் பென்சிலைத் தொடக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு பழத்தைக் கையில் உருட்டிப் பார்க்க வேண்டும். வயிறு எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம், காம்புக்குழி ஆழமா, மேடா, அதன் இருபுறத் தோள்களும் ஒரே உயரமா, கீழே மூக்கு இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். மூக்கு என்ற சொல் வந்த உடனே பெங்களூராவைக் கிளிமூக்கு என்று ஏன் அழைக்கிறார்கள் என்பது கடைசிப் பெஞ்சுவரைக்கும் புரிந்துவிடும். பிறகு அதன் விளிம்பை ஒற்றை விரலால் காற்றில் வரைவது. அதற்குப் பிறகுதான் தாள். அந்த முதல் கோட்டை அழிக்க அனுமதியில்லை. தவறிய கோட்டை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் சரியான கோட்டைப் போட வேண்டும், அப்போதுதான் எங்கே தவறியது என்பது கண்ணுக்குத் தெரியும். அழிப்பான் விற்பவர்கள் என்னை மன்னிக்கட்டும்.

அடுத்த வாரம் ஒரு பக்கத்து ஜன்னல்களை மூடிவிட்டு, ஒரே திசையிலிருந்து வெளிச்சம் விழும்படி பழத்தை வைப்போம். வெளிச்சம் நேராகப் படும் இடம், மங்கும் இடம், நிழல், இந்த மூன்றை மட்டும் பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்துக் காட்ட வேண்டும். தரையில் விழும் நிழலைச் சேர்த்த உடனே, அதுவரை அந்தரத்தில் தொங்கிய பழம் மேசைமேல் உட்கார்ந்துவிடும். அதைப் பார்த்ததும் வகுப்பில் எழும் சத்தத்துக்காகவே ஆண்டுதோறும் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். மூன்றாம் வாரம் பழத்தை வெட்டி, உள்ளே ஓட்டின் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து வரைவோம், மிச்சத்தைத் தின்றுவிடுவோம். மூன்றாம் வாரத் தாளையும் முதல் நாள் தாளையும் பக்கம் பக்கமாக வைத்தால், நான் விளக்கிச் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை.

இதற்கு மாறான ஒரு கருத்து, நகரத்துக் கல்வியாளர்களிடம் அடிக்கடி கேட்கிறேன். குழந்தைகளுக்கு எதையும் சொல்லித் தரக் கூடாது, தாளையும் வண்ணத்தையும் கொடுத்துவிட்டு விலகி நின்றால் அவர்களுக்குள் இருக்கும் கலைஞன் தானே வெளிவருவான் என்கிறார்கள். ஐந்து வயதுக்கும் ஆறு வயதுக்கும் நான் இதை முழு மனதோடு ஏற்கிறேன். அந்த வயதில் குழந்தை தனக்குத் தெரிந்ததை வரைகிறது, கண்ணுக்குத் தெரிவதை அல்ல. வீட்டுச் சுவருக்குள் இருக்கும் அடுப்பும் தெரியும், வீட்டைவிட அம்மா பெரியவளாக இருப்பாள். அதைத் திருத்துவது பாவம். ஆனால் ஒன்பது, பத்து வயது தாண்டியதும் பிள்ளை தன் படத்தையும் உலகத்தையும் ஒப்பிடத் தொடங்குகிறது. கலைக் கல்வி ஆய்வாளரான விக்டர் லோவன்ஃபெல்ட் போன்றவர்கள் குழந்தை ஓவியத்தைப் பருவம் பருவமாகப் பிரித்தபோது, 9 முதல் 12 வரையிலான வயதைத்தான் இந்த ஒப்பீடு தொடங்கும் பருவமாகக் குறித்தார்கள். அப்போது சொல்லித்தர ஆள் இல்லையென்றால் பிள்ளை “எனக்கு டிராயிங் வராது” என்று ஒரு முடிவுக்கு வந்து, வாழ்நாள் முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருக்கும். இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் அந்தச் சொற்றொடரைச் சொல்லியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் பள்ளிகளில் ஆறாம் வகுப்பில்தான் அந்த வயது வருகிறது, அங்கேதான் ஓவியப் பாடவேளை காணாமலும் போகிறது.

அம்மாவை வீட்டைவிடப் பெரிதாக வரைவதைப் பற்றிச் சொன்னேன். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களிடம் பிள்ளைகளை அழைத்துப் போனால், அதே உத்தியைக் கல்லில் பார்க்கலாம். ஆநிரையை மீட்கப் போய் மாண்ட வீரன் கல்லை அடைத்துக்கொண்டு வில்லோடும் வாளோடும் நிற்பான். அவன் காலருகே மாடு ஓர் ஆட்டுக்குட்டி அளவில் இருக்கும். மாட்டின் உண்மையான உயரம் சிற்பிக்குத் தெரியாமல் இல்லை. யார் முக்கியம் என்பதை அளவால் சொல்லியிருக்கிறார். இன்னும் சில கற்களில் படம் அடுக்கடுக்காக இருக்கும்: கீழே சண்டை, நடுவே வீரனைத் தாங்கிச் செல்லும் தேவமகளிர், மேலே அவன் அடைந்த உலகம். ஒரே கல்லில் மூன்று காலங்கள். படக்கதை வரைவது எப்படி என்று சொல்லித்தர இதைவிட நல்ல பாடப் பொருள் எந்த ஊர்ப் பாடநூலிலும் கிடைக்காது, நமக்கோ அது ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலுமாகக் கிடக்கிறது. ஒரு தாளை மூன்றாக மடித்து, தங்கள் ஊரில் நடந்த ஏதாவது ஒரு நிகழ்ச்சியை நடுகல் முறையில் வரையச் சொன்னேன். யானை வயலுக்குள் வந்த கதையும், கிணறு தோண்டித் தண்ணீர் கிடைக்காத கதையும் வந்தன. அன்றைக்கு ஒரு தாளிலும் முக்கோண மலை இல்லை.

வண்ணம் வாங்கக் காசில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். பர்கூர் அருகே மல்லப்பாடியில் பாறை ஒதுக்கில் குதிரை வீரர்களை வெள்ளை நிறம் ஒன்றை மட்டும் கொண்டு வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இன்றும் நிற்கிறது. எங்கள் வகுப்பில் செம்மண்ணைச் சலித்து, வேப்பம் பிசினை ஊற வைத்த நீரில் குழைத்துப் பூசினோம். சுண்ணாம்பு வெள்ளைக்கு, அடுப்புக்கரி கறுப்புக்கு. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்திச் சிவப்பு வரும் என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்தச் சிவப்பு தாளில் சில நாள்களில் மங்குவதும், செம்மண் மங்காமல் நிற்பதும் ஏன் என்ற கேள்வி ஓவிய வகுப்பில் எழுந்து அறிவியல் ஆசிரியரிடம் போய் முடிந்தது. அவர் அதை வைத்து ஒரு பாடவேளை எடுத்தார். கலையைப் பிற பாடங்களோடு இணைக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொல்வதும் ஏறத்தாழ இதுதான். நடைமுறையில் அது அறிவியல் சார்ட்டுக்கு ஸ்கெட்ச் பேனாவால் பார்டர் போடுவதாகச் சுருங்கிவிடுகிறது.

இனி சட்டத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கலைக் கல்வி பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்று பாடங்களுக்கெல்லாம் பொதுவான தேசியக் கலைத்திட்ட (பாடத்திட்ட) வடிவமைப்பு 2005-லேயே பரிந்துரைத்தது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதன்படி தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாயில் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள்கள் வேலை. ஊதியம் பின்னர் உயர்த்தப்பட்டது, அவ்வளவுதான். அந்த 100 என்ற எண்ணைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்ப் பிள்ளைகளுக்கு ஓவியம் வேண்டாம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. தலை எண்ணிக்கை குறைவாக இருந்தால் அந்தக் கணக்கே அப்படி முடிவு செய்துவிடுகிறது. ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளியில் தமிழாசிரியரோ கணக்காசிரியரோ நான் மேலே சொன்ன மாங்காய்ப் பாடத்தை நடத்தலாம். அதற்கு நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நன்றாகக் கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். அவர்களுக்கு அதற்கான பயிற்சியை வட்டார அளவில் ஒரு நாள் கொடுத்தாலே பெரிய மாற்றம் வரும்.

ஆசிரியர் இருக்கும் பள்ளியிலும் நிலைமை வேறு மாதிரி. நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஜனவரி பிறந்தால் என் பாடவேளைகள் அனைத்தும் பத்தாம் வகுப்புத் தேர்வுப் பயிற்சிக்குப் போய்விடும். எனக்கு மேடைப் பலகை எழுதுவதும், சான்றிதழ்களில் பெயர் எழுதுவதும், சுற்றுச்சுவரில் தலைவர்கள் படம் தீட்டுவதுமே வேலை. கையெழுத்து அழகாக இருந்தது என் விதி. சுவரில் நான் தீட்டிய படத்தை எல்லோரும் பாராட்டினார்கள், அதற்காக நாற்பது பிள்ளைகள் இழந்த பாடவேளைகளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா நல்ல முயற்சி. மேடையே பார்க்காத பிள்ளைகள் மாநில அளவுக்குப் போகிறார்கள். ஆனால் போட்டிக்கு அனுப்பப்படுபவர் ஏற்கெனவே வரையத் தெரிந்த ஒருவர். வகுப்பறைப் பாடம் மீதி முப்பத்தொன்பது பேருக்கானது.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்று இளம் ஆசிரியர்கள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அழகுக்குப் போடாதீர்கள் என்பேன். முதல் நாள் தாளில் இல்லாத எதைப் பிள்ளை கடைசித் தாளில் கண்டுபிடித்திருக்கிறது என்று பாருங்கள், அதற்குப் போடுங்கள். ஓர் ஆண்டு மாங்காய்ப் பாடத்தில், வடிவமே சரியாக வராமல், கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்த ஒரு தாளுக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் கொடுத்தேன். காம்புக்குழியிலிருந்து தோளின் வழியாக வயிற்றுப் பக்கம் வரை ஒரு கறுத்த கோடு இறங்கியிருந்தது. பென்சில் வழுக்கிவிட்டதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “இல்லீங்க சார், அது பால் பட்ட கறை. காம்போட பறிக்கலைன்னா பால் வடிஞ்சு தோல் வெந்துடும். அந்தக் காய்க்கு மண்டியில வெல கம்மிங்க” என்றாள். மேசையில் இருந்த பழத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கறை இருந்தது. மூன்று வாரமாக அந்தப் பழத்தை வைத்துப் பாடம் நடத்திய நான் அதைப் பார்த்திருக்கவில்லை.